குதிரைப் பந்தயக் கணிப்பு மென்பொருள்: புதுப்பிப்பையும் உதவியையும் இழப்பின்றிப் பெறும் வழி

குதிரைப் பந்தயக் கணிப்பு மென்பொருள் ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த நான், பந்தய நாள் ஒன்றின் காலையில் அதன் புதிய பதிப்புக்கு மாறினேன். புதிய பதிப்பு என் தரவுத்தளத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றத் தொடங்கிப் பாதியில் நின்றுவிட்டது. பழைய பதிப்பாலும் அதன்பின் அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை. விற்பனையாளரிடம் உதவி கேட்டபோது வாங்கியதற்கான சான்றைக் கேட்டார்கள். அந்தச் சான்று, நான் எப்போதோ கைவிட்ட மின்னஞ்சல் முகவரி ஒன்றில் கிடந்தது. மீண்டும் வேலையைத் தொடங்க ஆறு வாரங்கள் ஆயின; குதிரை வாரியாக நான் எழுதிவைத்திருந்த குறிப்புகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் குறிப்புகள் திரும்பக் கிடைக்கவே இல்லை. மென்பொருளை மறுபடியும் வாங்கலாம், பந்தயத் தரவையும் மறுபடியும் பெறலாம். உங்கள் கையால் எழுதிய குறிப்புகளை எந்த நிறுவனமும் திருப்பித் தர இயலாது. கீழே உள்ள படிகள் அந்தக் குறிப்புகளைக் காப்பதை முதல் நோக்கமாகக் கொண்டு அடுக்கப்பட்டவை. இந்த வகை மென்பொருளை அண்மையில் வாங்கியவர்கள் இவற்றை வரிசை மாறாமல் பின்பற்றுங்கள்.

1. எது புதுப்பிக்கப்படுகிறது என்பதை முதலில் பிரித்தறியுங்கள்

"புதுப்பிப்பு" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிப்பதே புதியவர்களின் குழப்பத்துக்கெல்லாம் தொடக்கம். முதலாவது, நீங்கள் கணினியில் நிறுவியிருக்கும் நிரல். இரண்டாவது, நாள்தோறும் அல்லது பந்தயத்துக்குப் பந்தயம் வந்து சேரும் தரவு: பங்கேற்கும் குதிரைகள், முந்தைய ஓட்டக் குறிப்புகள், ஜாக்கி, பயிற்சியாளர், சுமக்கும் எடை, தடத்தின் நிலை, முடிவுகள். மூன்றாவது, அந்தத் தரவை மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கீட்டு அளவுகள்: ஒவ்வொரு தடத்துக்கும் தூரத்துக்கும் உரிய சராசரி நேரம், எடைக்கான திருத்தம், ஓய்வு நாள்களுக்கான திருத்தம் முதலியன.

பெரும்பாலும் நிரலை எழுதியவர் ஒருவர், தரவை விற்பவர் வேறொருவர். நேற்றுவரை ஒழுங்காக ஏறிய பந்தயக் கோப்பு இன்று ஏறவில்லை என்றால், நிரலில் எந்த மாற்றமும் நிகழாமலேயே தரவு விற்பவர் தம் கோப்பின் அமைப்பை மாற்றியிருக்கக்கூடும். இதை அறியாமல் தவறான இடத்தில் முறையிட்டால், ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதிலேயே ஒரு வாரம் கழிந்துவிடும். எனவே எந்தச் சிக்கல் வந்தாலும், முன்பு சரியாக ஏறிய பழைய பந்தயக் கோப்பு ஒன்றை மீண்டும் ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால் குறை பெரும்பாலும் புதிய தரவுக் கோப்பில் இருக்கும். அதுவும் ஏறாவிட்டால் நிரலையோ உங்கள் கணினியின் அமைப்பையோ ஆராய வேண்டும். இதற்காகவே நன்றாக ஏறிய இரண்டு அல்லது மூன்று கோப்புகளைத் தனியே எடுத்து வைத்திருப்பது நல்லது.

2. ஆவணங்களை இன்றே ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள்

உதவி தேவைப்படும் நாளில் தேடத் தொடங்கினால் கிடைக்காது. வாங்கிய ரசீது, ஆணை எண், உரிமக் குறியீடு, பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரி, தரவுச் சந்தாவின் கணக்குப் பெயர், தற்போதைய பதிப்பின் முழு எண், நிறுவும் கோப்பு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேர்த்து, அதன் நகலைக் கணினிக்கு வெளியே வையுங்கள். பல மென்பொருள்கள் உங்கள் கணினியின் வன்பொருளிலிருந்து ஓர் அடையாள எண்ணை உருவாக்கி அதனுடன் உரிமத்தைப் பிணைக்கின்றன. அந்த எண் "பற்றி" என்னும் சாளரத்திலோ பதிவுச் சாளரத்திலோ தெரியும். அதையும் படம் பிடித்து வையுங்கள், ஏனெனில் கணினி பழுதான பிறகு அதைப் பார்க்க வழியிருக்காது.

நிறுவும் கோப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விற்பனையாளர்களில் பலர் தங்கள் தளத்தில் அண்மைப் பதிப்பை மட்டுமே வைத்திருப்பார்கள். புதிய பதிப்பு உங்களுக்கு ஒத்துவராமல் போனால் பழையதற்குத் திரும்ப, பழைய நிறுவும் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். இறக்கிய ஒவ்வொரு பதிப்பையும் அதன் எண்ணுடன் பெயரிட்டுச் சேமியுங்கள். நிறுவி முடித்ததும் அழித்துவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள்.

அலுவலக முகவரியையோ, இணையச் சேவை நிறுவனம் தந்த முகவரியையோ பதிவுக்குக் கொடுக்காதீர்கள். வேலையோ சேவையோ மாறும் நாளில் உங்கள் உரிமத்துக்கான வழியும் மூடப்படும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அந்த முகவரி இன்னும் இயங்கும்போதே அதிலிருந்து எழுதி மாற்றச் சொல்லுங்கள்.

3. செலவைத் தலைப்பு வாரியாகக் கணக்கிடுங்கள்

நிரலின் விலையை மட்டும் பார்த்து வாங்குவோர் ஓராண்டுக்குள் வியப்படைகிறார்கள். நிரலுக்கு ஒரு முறைக் கட்டணம், ஆண்டுச் சந்தா என இரு முறைகள் உள்ளன. ஒரு முறைக் கட்டணத்தில் வாங்கினால் நிரல் உங்களிடம் தொடர்ந்து இயங்கலாம். ஆனால் புதுப்பிப்பும் உதவியும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே கிடைக்கும். "வாழ்நாள் உரிமம்" என்ற சொல் பெரும்பாலும் நீங்கள் வாங்கிய அந்தப் பெரும் பதிப்பின் வாழ்நாளையே குறிக்கிறது. மூன்றாம் பதிப்பை வாங்கியவருக்கு நான்காம் பதிப்பு இலவசமாகக் கிடைக்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வாங்குமுன் இதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

தரவுக்கான செலவு தனி. பந்தய அட்டை (ஒரு நாளில் ஒரு தடத்தில் நடக்கும் பந்தயங்களின் பட்டியல்) ஒன்றுக்கு இவ்வளவு என்ற முறையும், மாதம் முழுவதற்கும் இவ்வளவு என்ற முறையும் உண்டு. வாரத்தில் ஒன்றிரண்டு பந்தய நாள்களை மட்டுமே ஆராய்பவர், மாதக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளுமுன் தாம் உண்மையில் இறக்கும் அட்டைகளை ஒரு மாதம் எண்ணிப் பார்க்க வேண்டும். முடிவுக் கோப்புகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். முடிவுகள் ஏறாவிட்டால் உங்கள் தரவுத்தளம் வளராது, கணிப்பு சரியாக இருந்ததா என்று சோதிக்கவும் இயலாது. இரண்டாவது கணினிக்கான உரிமம், உதவிக் காலம் முடிந்தபின் மீண்டும் சேர்வதற்கான கட்டணம், தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவை நிறுத்த வேண்டிய கடைசி நாள் ஆகிய மூன்றையும் நாள்காட்டியிலேயே குறித்துவிடுங்கள்.

பணம் வைத்து விளையாடுவதற்கான சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மென்பொருளை விற்பவர் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. உங்கள் இடத்துச் சட்டத்தை நீங்களே அறிந்துகொள்வதும், சந்தாத் தொகையை வீட்டுச் செலவிலிருந்து எடுக்காமல் இருப்பதும் உங்கள் பொறுப்பு.

4. நகல் எடுங்கள், எடுத்த நகலைத் திறந்தும் பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். முதலில் உங்கள் தரவுத்தளம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிய வேண்டும். பழைய மென்பொருள்கள் பல, தங்கள் தரவை நிரல் இருக்கும் கோப்புறையிலேயே எழுதும்படி அமைக்கப்பட்டவை. விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பின் வந்த பதிப்புகளும் அந்த இடத்தில் சாதாரணப் பயனர் எழுதுவதை அனுமதிப்பதில்லை. பழைய நிரல் எழுத முயன்றால் அதைப் பயனரின் கணக்குக்குள் மறைந்திருக்கும் "விர்ச்சுவல் ஸ்டோர்" என்னும் கோப்புறைக்குத் திருப்பிவிடுகின்றன. நிரலின் கோப்புறையை மட்டும் நகல் எடுத்தவர், நிறுவிய நாளில் இருந்த வெற்றுத் தரவுத்தளத்தையே நகல் எடுத்திருப்பார்.

இதனோடு தொடர்புடைய ஒரு பொறியில் நானும் சிக்கினேன். உதவிப் பிரிவினர், நிரலை நிர்வாகி உரிமையுடன் இயக்கச் சொன்னார்கள். இயக்கியதும் என் குறிப்புகள் எல்லாம் மறைந்துவிட்டதுபோல் தோன்றின. நிர்வாகி உரிமையுடன் இயங்கும்போது இந்தத் திருப்பிவிடுதல் நடப்பதில்லை. ஆகவே நிரல் வேறொரு கோப்பைத் திறந்து காட்டுகிறது. அந்த நிலையில் பதற்றப்பட்டு மீண்டும் நிறுவாதீர்கள். நிரலை மூடுங்கள், கணினி முழுவதிலும் தரவுத்தளத்தின் கோப்புப் பெயரைத் தேடுங்கள், கிடைப்பவற்றில் அளவில் பெரியதும் அண்மையில் மாற்றப்பட்டதுமான கோப்பே பெரும்பாலும் உங்களுடையது.

நகல் எடுக்கும்போது நிரல் மூடியிருக்க வேண்டும். திறந்திருக்கும் தரவுத்தளத்தை நகலெடுத்தால் கடைசியாக எழுதியவை விடுபடலாம் அல்லது கோப்பே பயனற்றுப் போகலாம். தரவுத்தளத்தின் பெயரிலேயே வேறு பின்னொட்டுடன் இருக்கும் துணைக் கோப்புகளையும் சேர்த்தெடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வடிவத்தில் தரவைச் சேமிக்கும் நிரல்களில் ஒரு கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. பல ஆண்டுப் பந்தயங்களை ஒரே கோப்பில் குவித்தவர்கள் அந்த எல்லையை நெருங்கும்போது புதிய முடிவுகள் ஏற மறுக்கும். அதற்கு முன்பே சுருக்கும் கட்டளையை இயக்குங்கள், அல்லது பழைய ஆண்டுகளைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள்.

நகலை வேறொரு கணினியிலோ வேறொரு கோப்புறையிலோ திறந்து, உங்களுக்கு நன்கு தெரிந்த மூன்று குதிரைகளின் குறிப்புகள் முழுமையாக வருகின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

5. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

பந்தய நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் நிரலைப் புதுப்பிக்காதீர்கள். அடுத்த பந்தயத்துக்குக் குறைந்தது மூன்று நாள்கள் இருக்கும்போது, விற்பனையாளரின் அலுவலக நேரம் தொடங்கும் வேளையில் செய்யுங்கள். அவர் வேறொரு நாட்டில் இருந்தால் நேர வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். வெள்ளி மாலையில் எழுதிய கடிதத்துக்குத் திங்கள்வரை பதில் வராமல் போவது அவர்களின் குற்றமன்று.

சிறிய திருத்தப் பதிப்புகளை, அதாவது பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதி மட்டும் மாறுபவற்றை, மாற்றக் குறிப்பைப் படித்தபின் விரைவில் நிறுவலாம். எண்ணின் முதல் பகுதி மாறும் பெரும் பதிப்பென்றால் இரண்டு அல்லது மூன்று வாரம் காத்திருங்கள். அதற்குள் முதல் திருத்தம் வெளிவந்துவிடும் என்பது என் அனுபவம்.

ஆண்டில் சில நாள்களில் மென்பொருள் தவறு செய்வது இயல்பு. வட அரைக்கோளத்தின் பெரும்பகுதியில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடுகிறது; ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அது ஆகஸ்ட் 1 அன்று நடக்கிறது. வயதை வைத்து எடைத் திருத்தம் செய்யும் நிரல், இந்நாள்களையொட்டி மதிப்பெண்ணைத் திடீரென மாற்றிக் காட்டினால் முதலில் வயது சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாறே அமெரிக்காவில் கடிகாரத்தை மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்றும் முன்னே தள்ளுகிறார்கள். இடைப்பட்ட இரண்டு அல்லது மூன்று வாரங்களில் வேறொரு நாட்டுப் பந்தயத்தின் தொடக்க நேரம் ஒரு மணி நேரம் பிசகிக் காட்டப்படலாம். இதற்காக நிரலை மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. நேர மண்டல அமைப்பைச் சரிபார்த்தாலே போதும்.

6. புதிய பதிப்பைப் பழையதன் மேல் நிறுவாமல் அருகில் நிறுவுங்கள்

நிறுவும் கோப்பை விற்பனையாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியீட்டை அவர் வெளியிட்டிருந்தால், விண்டோஸுடன் வரும் "செர்ட்யூட்டில்" என்னும் கருவியால் உங்கள் கோப்பின் குறியீட்டைப் பெற்று ஒப்பிடுங்கள். குறைவான பயனர்களைக் கொண்ட இத்தகைய நிரல்களை வைரஸ் தடுப்பு மென்பொருள் காரணமின்றிச் சந்தேகிப்பதும் உண்டு. ஆயினும் தடுப்பை முழுவதும் அணைத்துவிட்டு நிறுவச் சொன்னால் இணங்காதீர்கள். குறியீட்டைச் சரிபார்த்தபின் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் விலக்கு அளியுங்கள்.

அனுமதிக்கும் நிரலென்றால், புதியதை வேறொரு கோப்புறையில் நிறுவி, தரவுத்தளத்தின் நகலை மட்டும் அதற்குக் கொடுங்கள். பின்னர், முடிந்துபோன பந்தய அட்டை ஒன்றை இரு பதிப்புகளிலும் இயக்கி மதிப்பெண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதற்குக் காரணம் வேண்டும். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது, அலகு அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கலாம்: கிலோவில் தந்த எடையைப் பவுண்டாகவும், மீட்டரில் தந்த தூரத்தை ஃபர்லாங்காகவும் நிரல் எடுத்துக்கொண்டால் எல்லாக் கணக்கும் கெடும். ஒரு ஃபர்லாங் 201.168 மீட்டர், ஒரு கிலோ ஏறத்தாழ 2.2 பவுண்டு என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு கண்ணுக்குப் பட்டுவிடும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தோற்ற குதிரை எத்தனை லெங்த் (ஒரு குதிரையின் உடல் நீளம்) பின்தங்கியது என்பதை நொடியாக மாற்றும் விகிதத்தை நிரல் எழுதியவர் மாற்றியிருக்கலாம். நொடிக்கு ஐந்து லெங்த் என்று கொண்டால் பத்து லெங்த் பின்தங்கிய குதிரை இரண்டு நொடி தாமதமாக வந்ததாகிறது. ஆறு லெங்த் என்று கொண்டால் அதே குதிரையின் தாமதம் 1.67 நொடியாகக் குறைகிறது. எந்த விகிதமும் பிழையன்று. ஆனால் பழைய விகிதத்தில் கணித்த மதிப்பெண்ணையும் புதியதில் கணித்ததையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட்டால், அண்மையில் ஓடிய குதிரைகள் எல்லாம் முன்னேறிவிட்டதாகத் தோன்றும். இத்தகைய மாற்றத்துக்குப்பின் பழைய பந்தயங்கள் முழுவதையும் மீண்டும் கணக்கிட்டே ஆக வேண்டும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம் என்பதாலும் மூன்று நாள் இடைவெளி வேண்டும் என்றேன்.

7. தரவுக் கோப்பு ஏறாதபோது முதலில் பார்க்க வேண்டியவை

தரவுக் கோப்பைப் பார்க்கும் ஆவலில் எக்செலில் திறந்து சேமித்துவிடுவதே மிகப் பரவலான தவறு. கமாவால் பிரித்த அந்தக் கோப்பில் 5-2 என்று இருக்கும் ஆட்ஸை (பந்தயப் பணத்துக்குக் கிடைக்கும் விகிதத்தை) எக்செல் ஒரு தேதியாக எடுத்துக்கொள்கிறது. எண்ணுக்கு முன்னிருக்கும் பூச்சியங்களையும் நீக்கிவிடுகிறது. சேமித்த பிறகு அதை மீட்க முடியாது. மீண்டும் இறக்குவதே வழி. பார்ப்பதற்கு நோட்பேடைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து கணினியின் வட்டார அமைப்பு. நாளையும் மாதத்தையும் எழுதும் வரிசை, தசமத்துக்குப் புள்ளியா கமாவா என்பது ஆகியவை தரவு உருவான நாட்டின் வழக்கத்தோடு முரண்பட்டால், மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். நிரல் எந்தப் பிழைச் செய்தியையும் காட்டாது. ஒரே பெயரில் இரு நாடுகளில் பிறந்த குதிரைகளை, பெயருக்குப் பின்வரும் நாட்டுக் குறியே வேறுபடுத்துகிறது. அந்தக் குறியை நிரல் நீக்கிவிட்டால் இரு குதிரைகளின் வரலாறும் ஒன்றாகக் கலந்துவிடும்.

8. உதவி கேட்டு எழுதும் முறை

இத்தகைய மென்பொருளை ஒருவரோ இருவரோ நடத்துவது வழக்கம். அவர்கள் முதல் கடிதத்திலேயே சிக்கலை உருவாக்கிப் பார்க்க முடிந்தால் அன்றே தீர்வு வரும். முடியாவிட்டால் கேள்வியும் பதிலுமாக ஒரு வாரம் போகும். ஒரு கடிதத்தில் ஒரு சிக்கலை மட்டும் எழுதுங்கள். நான் இப்போது பின்பற்றும் வடிவம் இது:

"வணக்கம். என் ஆணை எண் இது. பதிவு செய்த முகவரி இது. நிரலின் பதிப்பு 4.2.1, விண்டோஸ் 11, 64 பிட். நேற்று இறக்கிய பந்தயக் கோப்பை ஏற்றும்போது ஐந்தாம் பந்தயத்தில் நின்றுவிடுகிறது. திரையில் தோன்றிய செய்தியைப் படமாக இணைத்துள்ளேன். சென்ற வாரக் கோப்பு சரியாக ஏறுகிறது. இரு கோப்புகளையும், நிரல் தன் இயக்கத்தைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பையும் இணைத்துள்ளேன். கடந்த வாரத்துக்குப்பின் நான் செய்த மாற்றம் ஒன்றே: 4.2.0 பதிப்பிலிருந்து 4.2.1 பதிப்புக்கு மாறினேன்."

செய்த மாற்றத்தைச் சொல்லும் அந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உதவுபவருக்கு அதுவே மிகவும் பயன்படுவது. உரிமக் குறியீட்டைப் படத்தில் தெரியும்படி விடாதீர்கள். தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்கிச் சரிசெய்ய முன்வந்தால், நீங்களே தொடங்கிய முறையீட்டுக்கு மட்டும் இணங்குங்கள். வங்கிக் கணக்கும் பந்தயக் கணக்கும் மூடியிருக்கட்டும். கடவுச்சொல்லையோ ஒருமுறைக் கடவு எண்ணையோ யாருக்கும் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்காமலே தொலைபேசியில் அழைத்து "உங்கள் மென்பொருளில் பழுது" என்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

மதிப்பெண்ணில் முதலாவதாக வந்த குதிரை ஏன் தோற்றது என்பது உதவிப் பிரிவுக்கு உரிய கேள்வியன்று. உதவி நிரல் இயங்குவதற்கு மட்டுமே. வெற்றியை உறுதியளித்து விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

9. கணினியை மாற்றும்போது

பழைய கணினி இயங்கும்போதே அதில் உரிமத்தை விடுவிக்கும் கட்டளையை இயக்குங்கள். அவ்வாறு செய்யாமல் புதிய கணினியில் குறியீட்டை இட்டால், உரிமம் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தியே வரும். பிறகு ரசீதுடன் எழுதிக் காத்திருக்க வேண்டும். வன்தட்டையோ தாய்ப்பலகையையோ மாற்றினாலும் இதே நிலை ஏற்படலாம்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் பலர் இப்போது கணினி மாற்றுகிறார்கள். 16 பிட் காலத்து நிரல்கள் 64 பிட் விண்டோஸில் இயங்கா. விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே வருகிறது. மிகப் பழைய நிரலை நம்பியிருப்பவர்கள் புதிய கணினிக்குப் பணம் கொடுக்குமுன் விற்பனையாளரிடம் இதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

10. விற்பனையாளர் இல்லாமல் போகும் நாளுக்கான ஏற்பாடு

ஒருவரே நடத்தும் தொழில் அவருடைய உடல்நலத்தையும் விருப்பத்தையும் சார்ந்தது. உரிமத்தைச் சரிபார்க்கும் சேவையகம் நின்றுவிட்டால் முழு விலை கொடுத்து வாங்கிய நிரலும் திறக்க மறுக்கலாம். இணைய இணைப்பின்றி எத்தனை நாள் இயங்கும், சேவை நின்றால் நிலையான உரிமக் குறியீடு தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டு, பதிலை ரசீதுடன் சேர்த்து வையுங்கள். ஓராண்டாகப் புதிய பதிப்பு வராமலிருந்து, இரண்டு வாரமாகக் கடிதத்துக்கும் பதிலில்லை என்றால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாமல் பொறுத்திருங்கள்.

ஆண்டுக்கு இரு முறையாவது உங்கள் குறிப்புகள் முழுவதையும் ஏற்றுமதிக் கட்டளையால் சாதாரண உரைக் கோப்பாக எடுத்துவிடுங்கள். குதிரையின் பெயரும் நாட்டுக் குறியும், பந்தய நாள், தடம், தூரம், உங்கள் குறிப்பு ஆகியவை ஒரே வரியில் இருந்தால் வேறு எந்த மென்பொருளுக்கும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம். நான் இதை ஜனவரி, ஜூலை மாதங்களின் முதல் வாரத்தில் செய்கிறேன். ஏற்றுமதியான வரிகளின் எண்ணிக்கையை நிரல் காட்டும் குறிப்புகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே அதைக் கணினிக்கு வெளியே உள்ள தட்டில் சேமிக்கிறேன்.